மயில்வாகனத்தாரின் ஈயப் படை

உங்கள் வட்டாரத்திலும் ஒரு படைத்தளபதி இருப்பார். பதறாதீர்கள். அவருடைய காலாட்படை, குதிரைப்படை, பீரங்கி எல்லாம் ஓர் அலுமாரித் தட்டுக்குள் அடங்கிவிடும். பழங்காலப் போர்வீரர்களைச் சுண்டுவிரல் உயரத்தில் ஈயத்தில் வார்த்து, மீசை உட்பட நிறந்தீட்டி, அணிவகுத்து நிறுத்தி, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்து மகிழும் மனித இனம் இது.

இந்த இனத்தை அடையாளம் காண்பது எளிது. முல்லைத்தீவுக்குக் கலியாணத்துக்குப் போனால், தாலி கட்டி முடியுமுன் கடற்கரைக்கு நழுவி, அறுந்த வலைகளில் ஈயக் குண்டு பொறுக்குவார். அதை மனைவி தாளிக்கும் இரும்புக் கரண்டியிலேயே உருக்குவார். அணில் வால்மயிரில் தூரிகை கட்டுவார். ஒல்லாந்தச் சிப்பாயின் இடுப்புப் பட்டியைச் சிவப்பாக்க மனைவியின் சாந்துப் போத்தலைக் காலி செய்வார். தம் சட்டையில் மூன்று பொத்தான் இல்லை என்பது அவருக்குத் தெரியாது. ஒல்லாந்தன் சட்டையில் பதினொன்று என்பது தெரியும். எண்ணிப் பார்த்தவர் யார்? அதை மட்டும் கேட்டுவிடாதீர்கள். உங்கள் மத்தியானச் சோறு ஆறிவிடும்.

எனக்குத் தெரிந்த மயில்வாகனத்தாரைச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிக் குடியேற்றத் திட்டத்துக்கு வந்து மூன்று ஏக்கர் வயல் பெற்றவர். அவருடைய தட்டில் ஒரு பக்கம் ஒல்லாந்தர், எதிர்ப்பக்கம் அவர்களோடு பொருதிய வன்னிச் சிற்றரசன் வன்னியனும் ஆட்களும். ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளம் வீட்டுக்குள் வந்தபோது, விதைநெல்லை விட்டுவிட்டுப் படையைத் தலையில் சுமந்துகொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடியவர். “நெல்லு முளைக்கும். குதிரை முளைக்குமோ?” என்று அங்கே நின்று கேட்டாராம். மனைவி விமலேஸ்வரி திரும்பிப் போய், நனைந்த விதைநெல்லை அள்ளிக்கொண்டு வந்தார்.

அடுத்த கோடைச் சிறுபோகத்தில் நெல், கதிர் வெளிவராத குடலைப் பருவத்தில் நின்றது. குளத்தில் தண்ணீர் குறைவு. ஒரு வயலுக்கு வாரத்தில் இரண்டு மணித்தியாலம் என்று முறை வைத்தார்கள். முறை தவறினால் அடுத்த வாரம்தான். அதற்குள் நெல்லெல்லாம் மணி பிடிக்காமல் சப்பியாகிவிடும். மயில்வாகனத்தாருக்குக் காலை எட்டு மணி. அவருக்குப் பின், பத்து மணிக்கு, பக்கத்து வயல் ஐயாத்துரைக்கு. எட்டரைக்கு ஐயாத்துரை ஓடிவந்தார்.

“அண்ணை, தண்ணி வந்து அரை மணியாச்சு. மடையைத் திறக்காமல் என்ன செய்யிறியள்?”

“பொறும் தம்பி. தளபதிக்கு ஒரு பக்க மீசைதான் மிச்சம்.”

ஐயாத்துரை அப்படியே திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. குனிந்து பார்த்தார். அங்கேதான் கெட்டது.

“ஒல்லாந்தனுக்குச் சப்பாத்து இருக்கு. எங்கட வன்னியன்ர ஆக்களுக்கு ஏன் செருப்பில்லை?”

“காட்டுக்குள்ள செருப்போட ஓடேலுமோ?”

“சூரைமுள்ளுக்குள்ள வெறுங்காலோட ஓடேலுமோ?”

மயில்வாகனத்தார் தூரிகையைக் கீழே வைத்தார். ஐயாத்துரை கதிரையை இழுத்துப் போட்டார். மான்தோலா, மாட்டுத்தோலா? வார் ஒன்றா, இரண்டா? பதுங்கிப் போகும்போது செருப்புச் சத்தத்தில் ஒல்லாந்தன் உசாராகிவிட மாட்டானா? அவன் குடித்துவிட்டுக் கிடந்தால்? பத்து மணியும் போயிற்று, பத்தரையும் போயிற்று. ஒன்பது மணிக்கு முன்பே விமலேஸ்வரி குசினியிலிருந்து மூன்று தரம் கூப்பிட்ட குரல் இரண்டு பேருக்கும் கேட்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு விமலேஸ்வரி மண்வெட்டியோடு வாசலில் வந்து நின்றார். முழங்கால் வரைக்கும் சேறு.

“இரண்டு வயலுக்கும் நான்தான் தண்ணி கட்டிப்போட்டு வாறன். இப்ப சொல்லுங்கோ, உங்கட ஆக்கள் சண்டை பிடிச்சது மாரியிலயோ, கோடையிலயோ? மாரியெண்டால் என்ர காலைப்போல உவையின்ர காலும் சேறாயெல்லோ கிடக்கவேணும்!”

அது ஏச்சு. கட்டையில் கட்டி நிற்கும் கன்றுக்குட்டிக்கும் அது ஏச்சென்று விளங்கும். ஐயாத்துரைக்கே விளங்கிவிட்டது, தலையைக் குனிந்துகொண்டார். மயில்வாகனத்தாரின் முகமோ பூத்தது.

“இஞ்சேரும், காலைக் கழுவிப்போடாதையும். நிறம் பாத்துக் கலக்கவேணும்!”

அந்த அம்மா கதிரையில் இருந்து காலை நீட்டினார். கோபம் தீர்ந்து அல்ல, பாவம், களைப்பு. நாற்பத்திரண்டு வீரர்களும் அன்று மாலைக்குள் முழங்கால் சேற்றில் நின்றார்கள்.

சிரிக்கிறீர்களா? நல்லது. ஒன்று மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள்: அவர்கள் உண்மையில் செருப்புப் போட்டிருப்பார்களா என்று நடுவில் ஒரு கணமாவது யோசித்தீர்களா, இல்லையா? யோசித்திருந்தால் இதை வைத்துவிட்டு எழும்புங்கள். உங்கள் வயல் மடையை இந்நேரம் வேறு யாரோ திறந்துகொண்டிருக்கிறார். அவர் உங்கள் வீட்டு ஆளாகத்தான் இருப்பார்.