விறைப்புக்கு ஒரே பொருள்

வெண்கோடு என்றொரு நாடு. நடுவே ஓர் ஆறு, ஆற்றின் மேல் ஒரே ஒரு பாலம். அந்நாட்டு அரசாங்க அகராதி அலுவலகத்தில் நான் பன்னிரண்டு ஆண்டுகள் எழுத்தராக இருந்தேன். அதில் முதல் ஒன்பது ஆண்டுகளைப் போல இன்பமான காலம் என் வாழ்வில் முன்னும் இருந்ததில்லை, பின்னும் இல்லை.

அப்போதெல்லாம் ஒரு சொல்லுக்குப் பொருள் எழுத வேண்டுமானால் எங்களைக் கடைத்தெருவுக்கு அனுப்புவார்கள். ‘விறைப்பு’ என்ற சொல் என் பங்குக்கு வந்தது. ஒரு வாரம் திரிந்தேன். கஞ்சி போட்ட வேட்டியைத் தூக்கிக் காட்டினார் சலவைக்காரர். மீன் விற்கும் அம்மாள், “செத்த மீன் முதல்ல விறைக்கும், அப்புறம் தளரும். தளர்ந்ததை வாங்காதீங்க தம்பி” என்றார். பாலத்தைப் பராமரிக்கும் பொறியாளர் எயினன் தேநீர்க் கடையில் அகப்பட்டார்.

“தூண் விறைப்பா நிக்கணும். மேல்தளம் அப்படி இல்ல. வெயில்ல அது நீளும். அதுக்குத்தான் நடுநடுவே விரலளவு இடைவெளி விட்டிருக்கோம். பாலம் மூச்சு விடுற இடம்னு எழுதிக்குங்க.”

பக்கத்துப் பலகையில் இருந்த மருத்துவர் நப்பின்னை தேநீரை ஊதிக்கொண்டே சொன்னார்: “எங்க இடத்துல அந்தச் சொல்லுக்கே பயம். காய்ச்சல்காரங்களுக்குக் கழுத்து விறைச்சா, நான் நடக்கக் கூடாது, ஓடணும்.”

“அப்ப எங்க மேலதிகாரிக்குப் பிறந்ததுலேருந்து காய்ச்சலா?” என்று எயினன் கேட்டார். கடையே சிரித்தது. அதையும் குறித்துக்கொண்டேன். அகராதியில் அத்தனை பொருளும் ஒன்றன் கீழ் ஒன்றாக ஏறின. ஒன்றோடொன்று அவை சண்டை போட்டதாக நினைவில்லை.

பத்தாம் ஆண்டு தேர்தல் வந்தது. மாவளத்தார் என்பவர் ஊர் ஊராகப் போய் ஒரே வாக்கியத்தைப் பேசினார்: “நான் விறைப்பானவன். எவனுக்கும் வளையமாட்டேன்.” அதற்கு முன் ஆட்சியில் இருந்தவர்கள் கண்டவருக்கெல்லாம் வளைந்து கொடுத்து நாட்டைக் கெடுத்திருந்தார்கள், ஆகவே மக்கள் நம்பினார்கள். நானும் அவருக்குத்தான் ஓட்டுப் போட்டேன். வெற்றிக் கூட்டத்துக்கு அண்ணன் மகள் குயிலியைத் தோளில் தூக்கிக்கொண்டு போனேன். அவளுக்கு அப்போது ஐந்து வயது. தலைவரைப் போலவே நெஞ்சை நிமிர்த்தி, கையை வெட்டி வெட்டி ஆட்டி, திரும்பும் வழியெல்லாம் என் தலையில் அடித்துக்கொண்டே வந்தாள்.

சொல்லமைச்சராகக் கூத்தரசர் பொறுப்பேற்றார். முதல் வாரமே எங்கள் அலுவலகத்துக்கு வந்து அகராதியைக் கொண்டுவரச் சொன்னார்.

“‘விறைப்பு: வீரம், நேர்மை, நாட்டுப்பற்று.’ இது எங்கே?”

“அப்படி யாரும் சொல்லவில்லை, ஐயா” என்றேன்.

“தலைவர் சொல்லியிருக்கிறார். அவர் ஒருவர் சொன்ன பிறகு மற்றவர்களை எதற்குக் கேட்டீர்கள்? ஒரு சொல்லுக்கு ஐந்து பொருள் இருந்தால், நான்கு பேர் சதி செய்கிறார்கள் என்று அர்த்தம். அடியுங்கள்.”

நான்தான் அடித்தேன். என் பேனாவால், அளவுகோல் வைத்து, கோடு கோணாமல். மருத்துவர் சொன்னது, எயினன் சொன்னது, மீன்கார அம்மாள் சொன்னது எல்லாம் போயிற்று. அமைச்சர் என் கோட்டைப் பார்த்து, “நல்ல நேர்த்தி” என்றார். வெட்கமின்றிச் சொல்கிறேன், அன்று எனக்கு அது பிடித்திருந்தது.

அதன்பின் ஆணைகள் வந்தபடி இருந்தன. அரசு ஊழியர் எவரும் பொது இடத்தில் குனியக் கூடாது. நாட்டின் ஒரே பாலத்தில் இடைவெளிகள் இருப்பது நாட்டுக்கே இழுக்கு. அவற்றைச் சாந்து போட்டு அடைக்க வேண்டும். எயினன் தலைமைச் செயலகத்துக்கு ஓடினார்.

“கோடையில் தளம் நீளுமே, ஐயா. போக இடமில்லாவிட்டால் வெடித்துவிடும்.”

“நமது பாலம் நீளாது” என்றார் கூத்தரசர். “அது கொள்கையுள்ள பாலம்.”

சித்திரை மாதம் ஒரு நண்பகலில் பாலம் நடுவில் புடைத்து, பிளந்து, தூண்களுக்கு இடைப்பட்ட இரண்டு கண்களோடு ஆற்றில் விழுந்தது. கடைசிவரை வளையாமல் நின்ற பாலத்துக்கு அரசு இரங்கல் தெரிவித்தது. எயினனைக் கவனக்குறைவுக்காகச் சிறையில் போட்டார்கள். அக்கரை ஊர்கள் படகை நம்பிப் பிழைத்தன.

அண்ணன் ஆதனின் வீடு அக்கரையில்தான் இருந்தது. அந்த ஆடியில் குயிலிக்குக் காய்ச்சல் கண்டது. அங்கிருந்த சிறு மருத்துவமனைக்குத் தூக்கிப் போனார்கள். அங்கே புதிதாக வேலையில் சேர்ந்த மருத்துவர் அவள் தலையைத் தூக்கிப் பார்த்தார். கழுத்து பலகை போல வந்தது. அவர் முகம் வெளுத்ததை அண்ணி கவனித்திருக்கிறார். ஆனால் அரசாங்கப் படிவத்தில் நோய்க்குறிகளின் பட்டியலில் விறைப்பு இல்லை. ‘நற்பண்புகள்’ என்ற கட்டத்தில்தான் இருந்தது. அதில் ஒரு குறி போட்டு, காய்ச்சலுக்கு மாத்திரை தந்து, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

இரண்டு நாள் வீணாயிற்று. மூன்றாம் நாள் அண்ணன் அவளைப் படகில் போட்டு இக்கரைக்குக் கொண்டுவந்தான். நான் நப்பின்னையின் வாசலில் போய் நின்றேன். அவர் குழந்தையின் பிடரியில் கை வைத்தார். “எத்தனை நாளாச்சு?”

“மூணு நாள்மா” என்றான் அண்ணன்.

“மூணு நாளா? யாரும் பாக்கலையா?”

“பாத்தாங்கம்மா. நல்ல பிள்ளைன்னு எழுதிக் குடுத்தாங்க.” அண்ணன் அந்தக் காகிதத்தை நீட்டினான்.

நப்பின்னை அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஊசி போட ஆரம்பித்தார். பதினான்கு நாள் குழந்தையின் பக்கத்திலேயே இருந்தார். குயிலி பிழைத்தாள். எழுந்து உட்கார்ந்து, “ஏன் யாருமே பேச மாட்டேங்கறீங்க?” என்று கேட்டாள். அப்போதுதான் அவளுக்குக் காது போய்விட்டது தெரிந்தது.

மருத்துவ ஏட்டில் நப்பின்னை பெரிய எழுத்தில் எழுதினார்: ‘கழுத்து விறைப்பு. இது நோய்.’ அதற்காக அவர்மேல் வழக்குப் போட்டார்கள். நீதிபதி கேட்டார்: “நாட்டின் உயர்ந்த பண்பை நோய் என்று எழுதினீர்களா?”

“எழுதினேன். ஐயா, கொஞ்சம் உங்க முகவாயால நெஞ்சைத் தொடுங்க.”

நீதிபதி தம்மையறியாமல் தொட்டார்.

“நன்றி. உடம்புக்கு நலமா இருக்கீங்க. ஆனா தலை குனிஞ்சு சட்டப்படி குற்றவாளி ஆயிட்டீங்க.”

மன்றத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. பழைய தேநீர்க் கடையாக இருந்தால் கூரை பறந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நப்பின்னையின் மருத்துவ உரிமம் பறிக்கப்பட்டது.

ஆனால் அந்தப் பேச்சு படகேறி ஊர் ஊராகப் போயிற்று. ஒருவரையொருவர் பார்க்கும்போது மக்கள் முகவாயால் நெஞ்சைத் தொட்டுக் காட்டத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே மாவளத்தார் ஆட்சி கவிழ்ந்தது. நெகிழ்ச்சிக் கட்சியின் பூவணையார் அம்மையார் பெருவெற்றி பெற்றார். எயினன் சிறையிலிருந்து வந்தார். நப்பின்னைக்கு உரிமத்தைத் திருப்பிக் கொடுத்து, மாலை போட்டு, மருத்துவக் கழகத்தின் தலைமையைத் தருவதாக அழைத்தார்கள். நானும் உடன் போனேன். சொல்லமைச்சர் நாற்காலியில் கூத்தரசரே இருந்தார். கட்சி மாறியிருந்தார். இப்போது இடுப்பு வரை வளைந்து வணங்கினார்.

“அம்மா, உங்கள் வழியே எங்கள் வழி. ‘விறைப்பு: நோய்.’ இனி இதுதான் ஒரே பொருள். விறைப்பான பொருள் எதுவும் மருத்துவமனைக்குள் வரக் கூடாது என்று ஆணை தயார். நீங்கள் கையெழுத்திட்டால் போதும்.”

“உடைஞ்ச காலுக்கு மூங்கில் பத்தை வச்சுக் கட்டுறோமே? அது விறைப்பா இருந்தாத்தான் எலும்பு சேரும்.”

“பத்தையும் வளையட்டும், அம்மா.”

“காலும் வளைஞ்சுடுமே.”

“வளைந்தால் என்ன? அதுதானே நமது கொள்கை” என்றார் அமைச்சர், மிகுந்த கனிவோடு.

நப்பின்னை மாலையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தார். மறுவாரம் அவருடைய உரிமம் இரண்டாம் முறையாகப் பறிக்கப்பட்டது. என் மேசைக்கும் ஒரு கோப்பு வந்து சேர்ந்தது. பழைய பொருளை அடித்து, புதியதை எழுத வேண்டுமாம். பேனாவை மூடியபடியே இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் நாள் சந்தை மைதானத்தில் வெற்றி விழா. ஊழியர்கள் குடும்பத்தோடு வந்தாக வேண்டும் என்று உத்தரவு. அண்ணன் வரவில்லை, குயிலியை நான் கூட்டிப் போனேன். எட்டு வயதாகிவிட்டதால் தோளில் ஏற மறுத்து, என் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேடையில் பூவணையார் கையை வெட்டி வெட்டி ஆட்டி நெகிழ்ச்சியைப் பற்றி முழங்கினார். பக்கத்தில் கூத்தரசர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையை ஆட்டினார். ஆயிரக்கணக்கான பேர் கை தட்டினார்கள்.

குயிலி மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் குரல் எவ்வளவு ஓங்குகிறது என்று அவளுக்கு இப்போது தெரிவதில்லை. கைதட்டல் ஓய்ந்த ஒரு கணத்தில், மைதானம் முழுதும் கேட்கும்படி கேட்டாள்:

“சித்தப்பா, எதுக்கு மறுபடியும் அதே கூட்டத்தைப் போடுறாங்க?”

முன்வரிசைகள் திரும்பின. மேடையில் அம்மையாரின் கை பாதி வெட்டில் நின்றது. காவலர் இருவர் எங்கள் பக்கம் வரத் தொடங்கினார்கள். அவள் வாயைப் பொத்துவதற்காக என் கை தானாக உயர்ந்தது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள், பதிலுக்காகக் காத்திருந்தாள்.

கையைக் கீழே இறக்கினேன். அவள் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டுமே என்பதற்காக, மண்டியிட்டு, அவள் முகத்துக்கு நேராக, நிறுத்தி நிதானமாக, அது அதே கூட்டம்தான் என்று பதில் சொன்னேன். அவளுக்காகச் சற்று உரக்கவே சொன்னேன்.