எட்டு ஸ்குருவும் ஒரு சந்தேகமும்

சமையலறையில் பேச்சுச் சத்தம் சட்டென்று குறைந்தது.

அடியோடு நின்றுபோயிருந்தால் ஸ்டோர்கீப்பர் கவலைப்பட்டிருக்க மாட்டார். குறைந்ததுதான் கோளாறு. கல்யாணமான இந்த இருபத்துநாலு வருஷத்தில் அவர் மனைவி போனில் குரலைத் தாழ்த்திப் பேசி அவர் கேட்டதே இல்லை. அவள் ரகசியம் சொன்னால் அடுத்த தெருவில் இருப்பவர்கள் "அப்படியா?" என்பார்கள்.

ஹால் கட்டிலில் படுத்தபடியே காதைத் தீட்டிக்கொண்டார்.

"ஆமா, அந்தப் பின்னறையிலதான்... அவருக்குத் தெரியவே கூடாது..."

அதற்குள் மிக்ஸி ஓட ஆரம்பித்துவிட்டது. ஓடி நின்றதும் அவள் டம்ளரோடு வந்தாள்.

"போன்ல யாரு?"

"அக்கா."

"எனக்கு என்ன தெரியக் கூடாது?"

"உங்களுக்குத் தெரியாததுன்னு உலகத்துல ஒண்ணு இருக்கா என்ன? ஆறிடும், குடிங்க."

இது பதில் இல்லை என்பதை அவர் மனதுக்குள் குறித்து வைத்துக்கொண்டார்.

சந்தேகப்படுவது அவருக்குப் பழக்கம் மட்டுமல்ல, பிழைப்பும் அதுதான். பம்ப் செய்யும் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷமாக ஸ்டோர் அவர் பொறுப்பு. சாவிக்கொத்து அவர் இடுப்பில். யாராவது பத்து நட்டு கேட்டால், "எதுக்குப் பத்து? போன வாரம் வாங்கின பத்து எங்க?" என்று கேட்டுவிட்டு ஒன்பதுதான் கொடுப்பார். கணுக்கால் உடைந்ததும் சந்தேகத்தால்தான். உதவியாளன் மேல் தட்டில் இருந்த பெட்டிகளைத் தப்பாக எண்ணியிருப்பான் என்று தோன்றவே, ஸ்டூலில் ஏறி அவரே எண்ணினார். எண்ணிக்கை சரியாக இருந்தது. ஸ்டூல்தான் சரியாக இல்லை.

அந்த உதவியாளனுக்குச் 'சரிசார்' என்று பெயர். எதைச் சொன்னாலும் "சரி சார்" என்பான். இப்படி எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொள்கிறவன் உள்ளுக்குள் என்னவோ திட்டம் போடுகிறான் என்பது ஸ்டோர்கீப்பரின் நெடுநாள் முடிவு.

ஆபரேஷனில் காலுக்குள் ஒரு தகடும் எட்டு ஸ்குருவும் வைத்தார்கள். எக்ஸ்ரேயைக் கையில் கொடுத்ததும் மூன்று தடவை எண்ணிப் பார்த்துத்தான் வாங்கிக்கொண்டார். எட்டு வாரம் முடிந்து, "எலும்பு நல்லா கூடிடுச்சு, தைரியமா ஊன்றி நடங்க" என்று டாக்டரும் சொல்லி அனுப்பிவிட்டார். ஆனால் ஸ்டோர்கீப்பர் வலது காலைத் தரையில் வைக்கவில்லை.

தினமும் காலை பத்து மணிக்குக் காலுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு பிசியோ வந்தாள். ஒல்லியான பெண். சிரிக்க மாட்டாள். கையில் எப்போதும் ஒரு கறுப்பு நோட்டு.

"ஊன்றுங்க சார்."

"ஸ்குருன்னு இருந்தா அது லூசாகும்மா. இருபத்திரண்டு வருஷம் ஸ்குரு எடுத்துக் குடுத்தவன் சொல்றேன்."

"இது லூசாகாது சார்."

"எல்லாக் கம்பெனிக்காரனும் அப்படித்தான் சொல்வான்."

"திங்கட்கிழமை கம்பெனி டாக்டர் முன்னாடி நடந்து காட்டணும்னு சொன்னீங்களே?"

"திங்கட்கிழமை மொத்தமா ஊன்றிக்கறேன். அதுவரைக்கும் எதுக்குத் தேய்மானம்?"

மேனேஜர் போனில் தெளிவாகவே சொல்லியிருந்தார். அடுத்த வாரம் திங்கட்கிழமை, பிடிமானம் எதுவும் இல்லாமல் நடந்து காட்ட வேண்டும், படி ஏறிக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் சாவிக்கொத்து சரிசாருக்கு. அதைக் கேட்டதிலிருந்து ஸ்டோர்கீப்பருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் கால் இறங்க மறுத்தது. பயம்தான், வேறொன்றுமில்லை. அதை வெளியில் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது.

இந்த நேரம் பார்த்துத்தான் பின்னறைப் பேச்சு.

பின்னறை என்பது வீட்டுக்குள் அவர் நடத்தும் இன்னொரு ஸ்டோர். அறுந்த வயர், ஓடாத கடிகாரம், மூடியில்லாத டப்பா எல்லாம் தட்டுவாரியாக இருக்கும். ஒவ்வொரு தட்டிலும் ஒரு அட்டை. 'காலி பாட்டில், இருப்பு 31.' 'நாற்காலிக் கால், இருப்பு 7.' அந்த அறையைக் காலி பண்ண வேண்டும் என்பது அவர் மனைவியின் இருபத்துநாலு வருஷக் கனவு. கனவு பலிக்க இதைவிட நல்ல சமயம் வாய்க்குமா? காவல்காரன் கட்டிலில் கிடக்கிறான்.

மறுநாள் பதினொரு மணிக்குச் சமையலறையில் மறுபடியும் அந்தத் தாழ்ந்த குரல். ஸ்டோர்கீப்பர் வாக்கரைப் பிடித்து எழுந்தார். ஆறு எட்டு வைத்தார். வலது கால் நுனி தரையைத் தொட்டுத் தொட்டு வந்ததை அவர் கவனிக்கவில்லை. காதில்தான் முழுக் கவனமும் இருந்தது.

வாசற்படியை எட்டியபோது அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். போன் ஓரமாகக் கவிழ்ந்து கிடந்தது.

"என்னங்க, எழுந்து வந்துட்டீங்க?"

"தண்ணி வேணும்."

"கட்டில் பக்கத்துலயே வெச்சிருக்கேனே?"

"அது பழைய தண்ணி."

வாக்கரின் டக் டக் சத்தம்தான் காட்டிக்கொடுத்துவிட்டது என்று அவருக்குப் புரிந்தது. இப்போது அவள் உஷாராகிவிட்டாள். அடுத்த நாள் போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறத்துக்கே போய்விட்டாள்.

அதனால் அவர் வாக்கரை ஒதுக்கிவிட்டுக் கைத்தடியை எடுத்தார். தடியும் தட்டியது. தடியின் நுனிக்கு ஒரு சாக்ஸை மாட்டினார். சத்தம் ஒழிந்தது, சந்தோஷமாக நடைவழியைக் கடந்தார். கொல்லைப்புறத்துச் சிமெண்டுத் தரையில் சாக்ஸ் வழுக்கிவிட்டது. கைக்கு அகப்பட்ட கொடியைப் பிடித்தார். கொடி அறுந்து, ஈரப் போர்வை இரண்டும் அவர் தலையில் விழுந்தன.

"யாரது?" என்று மனைவி கத்தினாள்.

"நான்தான்."

"போர்வைக்குள்ள என்ன பண்றீங்க?"

"காஞ்சுடுச்சான்னு பார்த்தேன்."

"காஞ்சுடுச்சா?"

"இல்ல."

நனைந்த சட்டையோடு கட்டிலுக்குத் திரும்பியவருக்கு மானம் போன வருத்தம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், போர்வை விழுவதற்கு முன்னால் காதில் விழுந்த ஒரு வார்த்தை உறுத்தியது. "வெள்ளிக்கிழமை எடுத்துட்டுப் போயிடுங்க" என்றாளே, எதை?

கல்லூரியிலிருந்து வந்த மகளைப் பிடித்தார்.

"உங்கம்மா என்ன பண்ணிட்டிருக்கா?"

"சொல்லக் கூடாதுன்னு சொல்லிருக்காங்கப்பா."

"எதைச் சொல்லக் கூடாதாம்?"

"அதைத்தாம்பா சொல்லக் கூடாதாம்."

வீடு முழுவதும் எதிரிப்படை என்பது உறுதியாகிவிட்டது. வெளியாள் ஒருத்தரை நம்பித்தான் ஆக வேண்டும். அடுத்த நாள் பிசியோ வந்ததும், மனைவி காபி போடப் போன நேரம் பார்த்துக் கிசுகிசுத்தார்.

"உங்களை என் பொண்ணு மாதிரி நினைச்சுக் கேக்கறேன். இந்த வீட்டுல ஏதாவது தப்பா நடக்குதா? உங்க கண்ணுல பட்டுச்சா?"

பிசியோ இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குனிந்தாள். "கேக்கறதால சொல்றேன் சார். நேத்து கை கழுவப் போனப்ப பின்னறைக்குள்ள சத்தம். பெட்டியை நகர்த்துற மாதிரி. நான் ஒண்ணும் பார்க்கல. நான் சொன்னேன்னும் சொல்லிடாதீங்க."

"சொல்ல மாட்டேன்."

"நீங்களே நேர்ல போய்ப் பார்க்கறதுதான் நல்லது சார்" என்று சொல்லிவிட்டுக் கறுப்பு நோட்டில் என்னவோ எழுதினாள்.

இந்த வீட்டுக்கு வந்துபோகிறவர்களில் நேர்மையான ஆள் இவள் ஒருத்திதான் என்று ஸ்டோர்கீப்பர் நெகிழ்ந்துபோனார். சந்தேகமே வராத ஒரு முகத்தை அவர் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

அன்று சாயங்காலம் மனைவி கடைக்குப் போனதும் பின்னறைக் கதவில் ஒரு நூலைக் கட்டி, நூலின் மறு முனையில் ஒரு கரண்டியைத் தொங்கவிட்டார். கதவு திறந்தால் கரண்டி விழும், சத்தம் ஹாலுக்குக் கேட்கும். கட்டுவதற்காக அங்கே போய், கரண்டி போதாதென்று சமையலறைக்குப் போய்ப் பெரிய கரண்டியாக எடுத்து, மறுபடியும் போய்க் கட்டிவிட்டு வந்தார். கால் கொஞ்சம் வலித்தது. ஆனால் மனசு வலித்ததற்கு அது ஒன்றுமே இல்லை.

வெள்ளிக்கிழமை பிசியோ வரத் தாமதமானது. மகள் கல்லூரி விடுமுறை என்று எங்கேயோ உள்ளே இருந்தாள். பதினொரு மணிக்கு ணங் என்று கரண்டி விழுந்தது.

ஸ்டோர்கீப்பர் தடியோடு பாய்ந்தார். போய்ச் சேர்ந்தபோது அறையில் யாரும் இல்லை, கொல்லைக் கதவு திறந்து கிடந்தது. நூல் மட்டும் அறுந்து ஆடிக்கொண்டிருந்தது. பாட்டில் முப்பத்தொன்று, சரி. நாற்காலிக் கால் ஏழு, சரி. மூன்றாவது தட்டில் மேசை விசிறி இருந்த இடம் காலி.

அட்டையைப் பார்த்தார்.

'மேசை விசிறி. வெளியே 1. இருப்பு 0. பெற்றவர்: தெருமுனை பழைய இரும்புக் கடை.'

மனைவியின் கையெழுத்து. தேதி போட்டிருந்தாள். கையெழுத்திட்டு அடியில் கோடுகூட இழுத்திருந்தாள். இருபத்துநாலு வருஷமாகத் தான் கெஞ்சியும் அவள் ஒரு நாள்கூடப் பின்பற்றாத முறையை, திருடும்போது மட்டும் இவ்வளவு ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறாளே என்று நினைத்துக்கொண்டே அட்டையை இன்னொரு தடவை படித்தார்.

அது ஓடாத விசிறிதான். ஆனால் விசிறியா முக்கியம்? அங்கே தொழிற்சாலையில் சரிசார் சாவிக்காகக் காத்திருக்கிறான். இங்கே வீட்டில் தட்டுத் தட்டாகக் காலியாகிறது. பூட்டவும் திறக்கவும் எதுவும் இல்லாமல் போனால் தன்னை யார் தேடி வரப்போகிறார்கள் என்ற பயம், ஸ்குரு பயத்தைவிடப் பெரிதாக அவர் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது.

செருப்பை மாட்டினார். கேட்டைத் திறந்தார். தடியை ஊன்றிக்கொண்டு தெருவில் இறங்கினார். எதிர் வீட்டுக்காரர், "அட, நடக்க ஆரம்பிச்சுட்டீங்களா?" என்றார். "இல்ல" என்று சொல்லிவிட்டு ஸ்டோர்கீப்பர் நடந்தார்.

பழைய இரும்புக் கடைக்காரர் தராசுக்குப் பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். விசிறி அவர் மேசை மேலேயே இருந்தது.

"இது என்னுது" என்றார் ஸ்டோர்கீப்பர்.

"அப்படியா? ஒருத்தர் வருவாரு, அவர்கிட்ட குடுத்துடணும்னு சொல்லி வெச்சுட்டுப் போனாங்க."

"யாரந்த ஒருத்தர்?"

"வந்தா தெரியும்னாங்க."

"அந்த ஒருத்தர் வந்துட்டுப் போயிட்டார்னு சொல்லிடுங்க."

தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு இரண்டு கையாலும் விசிறியைத் தூக்கினார். கடைக்காரர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. பொருளை வெளியே கொடுக்கும்போது எதிர்த்துக் கேள்வி கேட்காத கடைக்காரரை ஸ்டோர்கீப்பர் தன் அனுபவத்தில் பார்த்ததில்லை. இதிலும் ஏதோ இருக்கிறது. இங்கே நிற்கக் கூடாது.

பத்தடி போவதற்குள் பின்னால், "சார்! சார்!" என்று சத்தம் கேட்டது.

மனசு மாறிவிட்டான், விசிறியைத் திரும்பக் கேட்கிறான்! ஸ்டோர்கீப்பர் நடையைக் கூட்டினார். "சார், நில்லுங்க, உங்க..." என்று குரல் நெருங்கியது. அவர் திரும்பியே பார்க்காமல் விசிறியை மார்போடு அணைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனார். குரல் பின்தங்கி ஓய்ந்தது. எதிர் வீட்டுக்காரர் வாயைத் திறந்தபடி பார்த்தார். அவருக்குப் பதில் சொல்ல நேரமில்லை.

கேட்டுக்குள் நுழைந்தபோது மூச்சு வாங்கியது. என்னென்ன கேட்க வேண்டும் என்று வரிசையாக அடுக்கிக்கொண்டார். இருபத்துநாலு வருஷத்துக்கும் சேர்த்துக் கேட்டுவிட வேண்டும். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றார்.

மனைவி அவருடைய கட்டிலில் உட்கார்ந்து புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மகள் அவள் தோளைப் பிடித்திருந்தாள். அகப்பட்டுக்கொண்ட அழுகையாகத்தான் இருக்கும் என்று நினைத்தார். ஆனால் அவள் முகத்தில் சிரிப்பும் இருந்தது. பிசியோ வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கறுப்பு நோட்டில் ஒரு வரியை டிக் அடித்தாள்.

"அழாதீங்கம்மா, கடைக்காரர் போன் பண்ணிட்டார், தடியைக்கூட விட்டுட்டு ஓடி வராராம்; இனிமே மாடிப்படி ஒண்ணுதான் பாக்கி, அதனால நாளையிலேருந்து நீங்க மொட்டை மாடிக்குப் போய் ரகசியம் பேசுங்க."