தில்லையம்பலத்தார் நீராடிய வரலாறு

உலகத்து இனங்களுக்குள் பெற்ற தகப்பனை முதியோர் இல்லத்தில் கொண்டுபோய் விடாத இனம் ஒன்றே ஒன்றுதான். அது எந்த இனம் என்று இங்கே விளக்க வேண்டியதில்லை. லண்டனில் நடக்கும் எந்த விழாவுக்குப் போனாலும், மங்கள விளக்கு ஏற்றிய ஐந்தாவது நிமிடம் யாராவது ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்து அதை அறிவித்துவிடுவார். அந்த அறிவிப்புக்கு நடமாடும் சான்றாக 1994ஆம் ஆண்டில் ஹரோவில் வாழ்ந்தவர் தில்லையம்பலத்தார். 'நடமாடும்' என்றது மரியாதைக்காக. அந்த வருடம் செப்டெம்பர் மூன்றாம் திகதி, குளித்து முடித்துத் தொட்டியிலிருந்து காலை வெளியே வைக்கையில் வழுக்கி விழுந்த பிறகு அவர் அவ்வளவாக நடமாடவில்லை.

வயது எழுபத்தெட்டு. அரசாங்க அலுவலகமான யாழ்ப்பாணக் கச்சேரியில் முப்பத்துநான்கு வருடம் இருந்து பிரதம லிகிதராக ஓய்வு பெற்றவர். அவர் பேனா படாத கடிதம் எதுவும் அந்தக் கச்சேரி வாசலைத் தாண்டியதில்லை. பிழையான வசனம் ஒன்றைக் கண்டால், திருத்தும்வரை அவருக்குச் சோறு இறங்காது.

விழுந்ததில் எலும்பு ஒன்றும் முறியவில்லை. துணிவுதான் முறிந்தது. இனித் தனியாக அந்தத் தொட்டிக்குள் கால் வைக்க ஏலாது என்று மகனிடம் சொன்னார். மகன் ஆனந்தராஜா பொறியியலாளர். தகப்பன் என்றால் உயிர்.

"ஒண்டுக்கும் யோசியாதையுங்கோ அப்பா. சனிக்கிழமை நானே குளிக்க வாக்கிறன்."

மனதாரச் சொன்ன வாக்கு. ஆனால் அந்தச் சனிக்கிழமை பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளியில் பேச்சுப் போட்டி. அடுத்த சனிக்கிழமை எட்மண்டனில் ஒரு சாமத்தியவீடு; யாரோ ஒரு பிள்ளையின் பூப்பு நீராட்டு. அதற்கடுத்த சனிக்கிழமை தமிழ்ச் சங்கக் கூட்டம். 'முதியோரைப் பேணுவது எப்படி' என்ற தலைப்பில் ஆனந்தராஜாவே பேசவேண்டியிருந்தது. அன்று அவர் பேசிய பேச்சைக் கேட்டு இரண்டு பேர் அழுததாகச் சொல்வார்கள்.

மருமகள் தவமலர் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை. காலை ஏழுக்குப் போனால் திரும்ப மாலை ஏழு. மாமனாரின் மதியச் சாப்பாட்டை ஐஸ்கிரீம் பெட்டி ஒன்றில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்காமல் அவர் ஒருநாளும் வீட்டைவிட்டு இறங்கியதில்லை. அதைச் சூடாக்கும் இயந்திரத்தில் பதினெட்டுப் பொத்தான்கள் இருந்தன. தில்லையம்பலத்தார் புட்டைக் குளிராகவே சாப்பிட்டார்.

இதைக் கேள்விப்பட்ட குடும்ப வைத்தியர், குடும்பத்தின் கௌரவத்தைச் சற்றும் கருதாமல், உள்ளூராட்சிக் கவுன்சிலுக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டார். முந்திய வருடம்தான் அரசாங்கம் புதுத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தது. வயதானவர் தன் வீட்டிலேயே இருக்கலாம். ஒரே அதிகாரி, ஒரே கோப்பு. குளிக்க வார்க்க ஆள், சூடான மதிய உணவு, பிடித்து நடக்கக் கம்பி, பகல்நேர நிலையத்துக்குப் போய்வர மினிபஸ் எல்லாம் அடங்கிய 'பக்கேஜ்' வாசலுக்கே வரும். அதற்கு முன்னர் அதிகாரி ஒருவர் நேரில் வந்து, இவருக்கு என்ன என்ன முடியாது என்று பார்த்து எழுதவேண்டும். அவ்வளவுதான்.

"கவுன்சிலோ? எங்கடை வீட்டுக்கோ?" தவமலர் கதிரையில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். "பக்கத்து வீட்டிலை என்ன நினைப்பினம்?"

"திகதியும் குடுத்திட்டாங்கள் மலர். இனி மறிக்க ஏலாது."

"அப்ப வாறவ வந்து எங்களைக் குறைவாய் எழுதிப்போட்டுப் போகட்டுமோ?"

"ஆர் விட்டது? வடிவாய்க் காட்டுவம்."

வடிவாகக் காட்டினார்கள். தவமலர் நான்கு வருடத்தில் முதல் தடவையாக லீவு எடுத்தார். பெண் பார்க்க வருகிறவர்களுக்குச் சுடுவதுபோல வடையும் முறுக்கும் சுட்டார். மாமனாரின் கட்டிலுக்குக் கல்யாணப் பரிசாக வந்து பிரிக்கப்படாமலிருந்த விரிப்பு போட்டார். ஆனந்தராஜா தகப்பனின் முகத்தை ஈரத்துணியால் துடைத்து, கழுத்திலும் காதடியிலும் ஓடிக்கொலோன் வாசனைத் தண்ணீரைத் தாராளமாகப் பூசி, ஓய்வு பெற்ற நாளன்று அணிந்த கோட்டையும் கழுத்துப்பட்டியையும் மாட்டிவிட்டார்.

அந்தக் கோட்டின் உட்பையில் ஒரு தாள் இருந்தது மகனுக்குத் தெரியாது. முந்திய நாள் முழுவதும் இருந்து, மூன்று தரம் திருத்தி, தில்லையம்பலத்தார் ஆங்கிலத்தில் எழுதியது. 'தேவை: ஒரு ஆள், ஒரு வாளி. கிழமைக்கு இரு தடவை.' அதிகாரியின் கையில் அதைக் கொடுத்துவிட்டால் வாய் திறந்து ஒன்றும் சொல்லவேண்டியதில்லை என்பது அவர் கணக்கு.

கணக்கில் வராதவர் சந்திரவதனா. தமிழர் வீடு என்பதால் கவுன்சில் கரிசனையோடு ஒரு மொழிபெயர்ப்பாளரையும் அனுப்பியிருந்தது. சங்கத் தலைவர் யோகராஜாவின் மைத்துனி. எட்மண்டனிலிருந்து நோர்பரி வரை, இலக்கத்தை மனப்பாடமாக வைத்து அவர் செய்தி சொல்லாத தமிழ் வீடு கிடையாது.

அதிகாரி மிஸ் பார்க்கர் நல்ல மனிசி. வடையை இரு கையாலும் வாங்கிக்கொண்டு படிவத்தை விரித்தார்.

"மிஸ்டர் தில்லையம்பலம், உங்களால் மாடிப்படி ஏற முடிகிறதா?"

"இந்த வீட்டில் பதின்மூன்று படிகள், மேடம். அனைத்துடனும் எனக்கு நல்லுறவு உண்டு" என்றார் தில்லையம்பலத்தார், கச்சேரி ஆங்கிலத்தில்.

சந்திரவதனா அதிகாரியின் பக்கம் திரும்பினார். "இந்த வீட்டில் பதின்மூன்று படிகள் என்கிறார். அனைத்துடனும் அவருக்கு நல்லுறவு உண்டாம்" என்றார், அதே ஆங்கிலத்தில், கொஞ்சம் உரத்து.

"எனக்கும் கேட்டது" என்றார் மிஸ் பார்க்கர்.

"இருந்தாலும்" என்றார் சந்திரவதனா. கடமை என்று வந்தால் அவர் அப்படித்தான்.

"மதிய உணவு?"

"மருமகள் நாள் தவறாமல் தயாரித்து வைக்கிறாள்." பொய் ஒன்றும் இல்லை. தவமலர் முறுக்குத் தட்டை இன்னும் கொஞ்சம் முன்னே நகர்த்தினார்.

கடைசியாக அந்தக் கேள்வி வந்தது. "குளிப்பதற்கு உங்களுக்கு உதவி வேண்டுமா?"

தில்லையம்பலத்தாரின் கை கோட்டின் உட்பைவரை போனது. விரல் நுனியில் தாள் பட்டது. எதிரே சந்திரவதனா பேனையைத் திறந்து காத்திருந்தார். ஆனந்தராஜாவின் தகப்பன் குளிக்க ஆளில்லாமல் கவுன்சிலிடம் வாளி கேட்டார் என்ற செய்தி பின்னேரத்துக்கிடையில் எத்தனை வீட்டுத் தொலைபேசி மணியை அடிக்கும் என்று பெரியவர் எண்ணிப் பார்த்தார். கை வெறுமையாகத் திரும்பி வந்தது.

"தேவையில்லை, மேடம். என் மகன் சனிதோறும் என்னைக் குளிக்க வார்க்கிறான்."

அடக்கம் காரணமாக ஆனந்தராஜா தலையைக் குனிந்துகொண்டார்.

புறப்படும்போது மிஸ் பார்க்கரின் கண் கலங்கியிருந்தது. தன்னுடைய தகப்பன் ஸ்கொட்லாந்தில் தனியாக இருப்பதாகச் சொன்னார். தவமலர் அவருக்கு ஒரு பை முறுக்குக் கட்டிக்கொடுத்தார்.

அக்டோபர் பதினான்காம் திகதியிட்ட கடிதம் வந்தது. 'உங்கள் மகன் சனிதோறும் உங்களை நீராட்டுவது உட்பட, உங்கள் தேவைகள் யாவும் குடும்பத்தாலேயே மிகச் சிறப்பாக நிறைவேற்றப்படுகின்றன. ஆகவே நாம் செய்வதற்கு ஒன்றுமில்லை.' சோதனையில் குடும்பம் நூற்றுக்கு நூறு. பரிசு, பூச்சியம்.

ஆனந்தராஜா கடிதத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு முன்மண்டபத்தில் மாட்டினார். பிரதி ஒன்று சங்கத்துக்கும் போனது. சங்கம் உடனே அவசரக் கூட்டம் கூட்டி, 'சிறந்த பராமரிப்புக் குடும்பம்' என்றொரு விருதை உண்டாக்கியது.

"விருது ஆருக்கு? தகப்பனுக்கோ, மகனுக்கோ?" என்று கேட்டார் தலைவர் யோகராஜா.

"மகனுக்குத்தான் அண்ணை. தகப்பன் என்ன செய்தவர்? சும்மா இருந்தவர்" என்றார் பொருளாளர் சேகர்.

"தகப்பன் இல்லாமல் விருது எப்பிடி ஐசே?"

"அப்ப பொன்னாடை தகப்பனுக்கு, கேடயம் மகனுக்கு."

ஏகமனதாக நிறைவேறியது. விழா நவம்பர் பன்னிரண்டாம் திகதி. அதுவும் ஒரு சனிக்கிழமைதான். தகப்பன் விழுந்த நாளிலிருந்து அது பத்தாவது.

பள்ளிக்கூட மண்டபம் நிறைந்திருந்தது. மிஸ் பார்க்கர் பிரதம விருந்தினர். தில்லையம்பலத்தார் மேடையில், அதே கோட்டில். அன்று ஓடிக்கொலோனுக்கு நேரம் கிடைக்கவில்லை. பக்கத்துக் கதிரையில் இருந்த யோகராஜா பேசுவதற்கு எழுந்து போனவர், திரும்பி வந்தபோது ஒரு கதிரை தள்ளி இருந்தார். எல்லாம் மரியாதைதான், பெரியவரை நெருங்கி இருப்பது முறையல்ல.

"வெள்ளைக்காரன் தகப்பனைக் கொண்டுபோய் ஹோமிலை விடுறான். நாங்கள் மடியிலை வைச்சிருக்கிறம்!" என்று யோகராஜா முழங்கியிருந்தார். கைதட்டலில் ஒலிவாங்கி கீச்சிட்டது.

பொன்னாடை போர்த்தப்பட்டது. படம் எடுக்க ஆனந்தராஜா தகப்பனின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, இரண்டு தோளிலும் கை வைத்தார். பத்துக் கிழமைக்குள் அந்தத் தோள்களில் ஒரு மனிதக் கை தங்கியது அன்றுதான், அதுவும் பொன்னாடைக்கு மேலால். மூன்று படம் எடுத்து முடியும்வரை கையை எடுக்கவில்லை.

பிறகு, பிரதம விருந்தினருக்காக, சந்திரவதனா அந்தக் கடிதத்தை ஒலிவாங்கியில் ஆங்கிலத்தில் வாசித்தார். 'உங்கள் மகன் சனிதோறும் உங்களை நீராட்டுவது உட்பட...'

பிழையான வசனம். இதுவரை அது சுவரில் மட்டும் தொங்கியது. இப்போது சபையில் நிறைவேறிக்கொண்டிருந்தது. பிரதம லிகிதருக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து ஒலிவாங்கிக்கு வந்தார். கோட்டின் உட்பையில் அந்தத் தாள் அப்படியே இருந்தது.

"மேடம், உங்கள் பதினான்காம் திகதியிட்ட கடிதத்தில் ஒரு திருத்தம்" என்றார் ஆங்கிலத்தில். "இரண்டாம் வரி. 'சனிதோறும்' என்பதை வெட்டிவிடவும். அந்தச் சனிக்கிழமை இன்னும் வரவில்லை. பிழை உங்களுடையதல்ல, தகவல் கொடுத்தவன் நான். கடைசியாக நான் குளித்தது செப்டெம்பர் மூன்றாம் திகதி. என் தேவை இதில் எழுதியிருக்கிறது." தாளை அவர் கையில் கொடுத்துவிட்டுத் தன் கதிரையில் போய் உட்கார்ந்தார்.

சங்கத்தை நாற்பது வருடம் நடத்தினாலும் வராத சாதுரியம் சந்திரவதனாவுக்கு அந்த நொடியில் வந்தது.

"ஐயா சொல்லுறார், குடும்பத்தின்ரை அன்பிலை தான் தினமும் நனையிறாராம்."

ஆங்கிலம் விளங்கியவர்கள்தான் எல்லோரும். ஆனாலும் தமிழில் கேட்டதும் பெரிய நிம்மதி. கைதட்டல் அடங்க வெகுநேரம் பிடித்தது. மிஸ் பார்க்கர் மட்டும் தட்டவில்லை. அவர் நாட்குறிப்பைத் திறந்து எழுதிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரமே 'பக்கேஜ்' வந்தது. தவமலர் ஒரேயொரு கோரிக்கைதான் வைத்தார்: தமிழ் தெரியாத ஆளாய் அனுப்புங்கோ. கவுன்சிலோ பண்பாட்டில் மிகுந்த அக்கறை கொண்டது. மன்னாரைச் சேர்ந்த தமிழர் றெஜினோல்டை அனுப்பியது. வாசலில் அடையாள அட்டையைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போடவேண்டும், அயலவர் கேட்டால் தொலைக்காட்சி திருத்த வந்ததாகச் சொல்லவேண்டும் என்று ஆனந்தராஜா தொலைபேசியில் ஏற்பாடு செய்தார். அந்த வீட்டு ரீவி கிழமைக்கு இரண்டு தரம் பழுதாகத் தொடங்கியது.

முதல் நாள் றெஜினோல்ட் தொட்டிக்குள் ஒரு சின்ன வாங்குப் பலகையைப் போட்டு, பெரியவரை இருத்தி, இளஞ்சூட்டில் வாளி வாளியாக வார்த்தார். நாலாவது வாளிக்குத் தில்லையம்பலத்தார் கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் ஓடியது எல்லாம் வாளித் தண்ணீர்தானா என்று றெஜினோல்ட் கேட்கவில்லை. முதுகைத் தேய்த்தார், இன்னும் தேய்த்தார்.

"ஐயா, துடைக்கத் துவாய் எங்கை?"

துவாய்கள் இருந்த அலுமாரியைத் தவமலர் பூட்டிவிட்டு வேலைக்குப் போயிருந்தார். வெளியார் வந்துபோகும் வீடு.

"கீழை முன்மண்டபத்திலை ஷோகேஸ் இருக்கு தம்பி. கேடயத்துக்குப் பக்கத்திலை மடிச்சு வைச்சிருக்கு. எடுத்துக்கொண்டு வாரும்."

றெஜினோல்ட் போய்வந்து தயங்கி நின்றார். "ஐயா, இது பொன்னாடையெல்லே?"

"எனக்குத்தானே போத்தினவை. துடையும்."

றெஜினோல்ட் துடைத்தார். மடித்துத் துடைத்தார், திருப்பித் துடைத்தார். தண்ணீர் அந்தச் சரிகையில் முத்து முத்தாக நின்று, வழுக்கித் திரும்ப முதுகிலேயே ஓடியது.

"என்னையா இது? ஒரு சொட்டும் உறிஞ்சுதில்லை!"

"உறிஞ்சாது தம்பி" என்றார் தில்லையம்பலத்தார். "அது முதுகு துடைக்கச் செய்த சாமானில்லை. முதுகுக்குப் பின்னாலை நிண்டு படம் எடுக்கச் செய்தது."