'கொஞ்சம் தள்ளுங்க' ஆசாமி

புரோகிராம் எழுதக் கற்றுக்கொடுக்கும் வகுப்புகளில் 'கொஞ்சம் தள்ளுங்க' என்றொரு பிராணி தவறாமல் இருக்கும். பக்கத்து நாற்காலிக்காரரின் கீபோர்டைக் கண்டால் அதற்குக் கை துறுதுறுக்கும். நீங்கள் உதவி கேட்டீர்களா என்ன? கேட்காமல் செய்தால்தானே உபகாரம்!

டேட்டன் நகரக் கல்லூரியின் மாலை வகுப்பில் அந்தப் பிராணிக்குப் பெயர் கிளென். அகப்பட்டவள், ரொட்டித் தொழிற்சாலை மூடியதால் வேலை போன மார்லீன். ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணும் ஒரு லூப்பை அன்றைக்கே தன் கையால் எழுதிக் காட்டினால்தான் அவள் வகுப்பில் தொடரலாம். தொடர்ந்தால்தான் ஆஸ்பத்திரி அலுவலகத்தில் சொல்லிவைத்த வேலை. லூப் என்றால் பிரமாதம் ஒன்றுமில்லை. எங்கே தொடங்கு, எங்கே நில், ஒவ்வொரு தடவையும் ஒன்று கூட்டு என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லவேண்டும், அவ்வளவுதான். மார்லீன் ஒரு வரி அடித்துவிட்டு யோசித்தாள். அடுத்தவர் யோசிப்பதைக் கிளெனால் பொறுக்க முடியுமா?

"இதுக்கா இவ்வளவு நேரம்? கொஞ்சம் தள்ளுங்க!"

"நானே எழுதணும் கிளென். டீச்சர் வந்து பாப்பாங்க."

"நீங்க சும்மா பாத்துக்கிட்டே இருங்க, தானா வந்துடும். ரொம்ப சிம்பிள்!"

அவளை எழுப்பிவிட்டு அவள் நாற்காலியில் உட்கார்ந்து, அவள் எழுதிய வரியை அழித்தான். வகுப்பில் நடத்தாத முறைதான் உசத்தி என்றான். சியாட்டிலில் தன் மைத்துனன் இப்படித்தான் எழுதுகிறான் என்றான். காப்பிக் குவளையை அவள் புத்தகத்தின் மேலேயே வைத்துவிட்டு, மளமளவென்று தன் லூப்பை அடித்து முடித்து, பியானோ வாசிக்கப்போகிறவனைப் போலக் கையை ஓங்கி ஒரு தட்டு தட்டினான்.

திரையில் ஒன்று வந்தது. அடுத்தும் ஒன்று. திரை முழுக்க ஒன்றாகவே வழிந்தது. மகானுபாவன் ஒன்று கூட்டச் சொல்லவே மறந்திருந்தான்!

"ரெண்டு எப்ப வரும் மார்லீன்?" என்றாள் பின்னால் வந்து நின்ற டீச்சர் டெனீஸ்.

"இவங்க கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறு," என்றான் கிளென்.

மார்லீனுக்குக் கோபம் பொங்கியது. "கோளாறு கம்ப்யூட்டர்ல இல்ல. எந்திரிங்க!"

அழித்தாள். ஒற்றை விரலால் தட்டித் தட்டித் தானே எழுதினாள். ஒன்று, இரண்டு என்று ஒழுங்காக வந்த எண்கள் ஒன்பதோடு நின்றுவிட்டன. கிளெனின் கை பாய்ந்தது.

"கைய எடுங்க கிளென்," என்றாள் டீச்சர்.

மார்லீன் திரையையே பார்த்தாள். "ஓ... பத்துன்னு சொன்னா, பத்து வந்ததும் நின்னுடுதா? அப்ப பதினொண்ணுன்னுல்ல சொல்லணும்!"

பத்து வந்தது. மார்லீனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"சபாஷ்! நீங்க தொடரலாம். சரி கிளென், உங்க லூப் எங்க?"

அவன் திரையில் ஒரு எழுத்துகூட இல்லை.

சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் ஒன்பதோடு நின்றபோது, அவள் கண்டுபிடிக்கும்வரை பொறுக்காமல் "பதினொன்று, பதினொன்று!" என்று முணுமுணுத்தீர்களே, அந்த வாயைக் கொஞ்சம் கட்டிவையுங்கள்.