மூச்சுச் சாமியின் விசில்

முதுகெலும்பு உள்ள எல்லோரும் வரலாம் என்றது விளம்பரத் தட்டி. அது இல்லாதவர்களும் வந்திருந்தார்கள், அவர்களுக்கு முன்வரிசை. அரங்கத்து வாசலில் செருப்புகள் மலையாகக் குவிந்திருந்தன. மூளையைக் கழற்றி வைக்கத் தனி இடம் இல்லாததால் அதையும் அங்கேயே விட்டுவிட்டு உள்ளே போனார்கள்.

உள்ளே இருந்தவர் மூச்சுச் சாமி. மூச்சை இழுத்தால் பிரபஞ்ச சக்தி வரும், விட்டால் வியாதி போகும் என்பது அவர் கண்டுபிடிப்பு. கண்ணை மூடி உட்கார்ந்து மூச்சைக் கவனிப்பது இலவசம். அடுத்த படியான ரகசிய மந்திரத்துக்குத்தான் கட்டணம். ஒவ்வொருவரின் ஆன்ம அதிர்வையும் அளந்து, அவருக்கென்றே உள்ள சொல்லைக் காதில் ஓதுவார். வெளியே சொன்னால் தலை வெடித்துவிடும்.

பல் டாக்டரம்மாவுக்கு இதில் சண்டை ஒன்றும் இல்லை. யாரோ கண்ணை மூடி உட்கார்ந்தால் அவருக்கு என்ன போயிற்று? ஆனால் அவருடைய வீட்டுக்காரர், கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர், மந்திரம் வாங்கி வந்த அன்றே சர்க்கரை மாத்திரையைக் குப்பையில் போட்டார். கால் பெருவிரல் புண் ஆறாமல் கறுக்க ஆரம்பித்தது. 

"என்னங்க, விரலைப் பாத்தீங்களா? இப்படியே விட்டா எடுக்கணும்னு சொல்லிடுவாங்க."

"கெட்டது வெளியேறுது. மாத்திரை போட்டா மந்திரம் உள்ளே இறங்காதாம்."

"அப்படி என்ன மந்திரம்?"

"சொன்னா தலை வெடிச்சிடும். உனக்கு நான் வேணுமா, வேணாமா?"

"வேணும். விரலோட வேணும்."

கதவைச் சாத்திக்கொண்டு அவர் ஜபிக்கும்போது சொல் பிடிபடாது. ஒரு விசில் மட்டும் கேட்கும். ஒருநாள் வீட்டுக்கு வந்த கொழுந்தன் மூலையில் உட்கார்ந்து முணுமுணுத்தார். அதே விசில். பல் பிடுங்க வந்த வக்கீலம்மா ஊசியைப் பார்த்ததும் கண்ணை மூடி உதட்டை அசைத்தார். அங்கேயும் விசில். ஆளுக்கொரு அதிர்வு, எல்லோருக்கும் ஒரே விசிலா? டாக்டரம்மா நேரே அரங்கத்துக்குப் போய்க் காதைக் கொடுத்தார்.

"ஸ்ஸ்வீம்," என்று ஓதினார் சாமி. சொல்லைவிட விசில் தெளிவாக விழுந்தது. தன் சிகிச்சை அறையில் நாள் தவறாமல் கேட்கிற விசில் அது. டாக்டரம்மா எழுந்து ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"என் மந்திரத்தைச் சொல்லப்போறேன். தலை வெடிச்சா தெறிக்கும். முன்னாடி இருக்கிறவங்க கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

முன்வரிசை தள்ளி உட்கார்ந்தது. "வேணாம்மா!" என்று அலறிக்கொண்டு, கூட்டத்தில் உட்கார்ந்திருந்த பேராசிரியர் நொண்டி நொண்டி ஓடிவந்தார். வந்தவர், மனைவியின் தலையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இயற்பியல் பேராசிரியர்!

"ஸ்ஸ்வீம்," என்றார் டாக்டரம்மா, விசிலோடு.

தலை இருந்த இடத்திலேயே இருந்தது.

"ஐயோ, அது என்னோடதாச்சே!" என்றார் பேராசிரியர்.

"எனக்குன்னு தனியாக் குடுத்தது சார்!" என்று சண்டைக்கு வந்தார் வக்கீலம்மா.

"அண்ணி, எனக்கும் அதேதான்!" என்றார் கொழுந்தன்.

ஆளாளுக்குத் தங்கள் மந்திரத்தைச் சொல்லிப் பார்த்தார்கள். அரங்கமே குக்கர் மாதிரி விசிலடித்தது. ஒரு தலைகூட வெடிக்கவில்லை.

"மகாபாவிகளே!" என்று கத்தினார் சாமி. கத்திய வேகத்தில் மேல் பல்செட்டு கழன்று மடியில் விழுந்தது.

"விசில் மந்திரத்துல இல்லைங்க, அதுல இருக்கு," என்றார் டாக்டரம்மா. "செட்டு லூசா இருக்கு, காத்து போகுது. நாளைக்கு வாங்க, சரி பண்ணித் தர்றேன்."

ஊருக்கெல்லாம் மூச்சு விடக் கற்றுக்கொடுத்தவருக்குத் தன் மூச்சு எந்தச் சந்தில் போகிறது என்று தெரியவில்லை. அந்த விசிலையும் சேர்த்துத்தான் படித்தவர்கள் பக்தியோடு ஜபித்திருக்கிறார்கள். சாமி பல்லைப் பொறுக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக நழுவினார்.

பேராசிரியர் தலை குனிந்தபடி, "மாத்திரை வெச்சிருக்கியா?" என்றார். கைப்பையில் இருந்தது. தண்ணீரை நீட்டியபோது டாக்டரம்மாவுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. நல்லவேளை, விரல் இன்னும் காலோடுதான் இருந்தது.

கண்ணை மூடி உட்காருங்கள், மூச்சைக் கவனியுங்கள், நல்லதுதான். ஆனால் தலை வெடிக்கும் என்று எவனாவது சொன்னால், அந்தத் தலைக்குள் இருப்பதைக் கொஞ்சம் உபயோகித்துப் பாருங்கள். சத்தியமாக வெடிக்காது.