தொதலுக்குள் புறப்பட்ட பைல்

அன்புள்ள மச்சான் அஹமட் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். காத்தான்குடியில் ஒரு பைலைத் தவிர எல்லோரும் சுகம். தோஹா வெயிலில் நீங்கள் வாடாமல் இருக்கத் துஆச் செய்கிறோம்.

உங்கள் கம்பனியில் நீங்கள் எடுத்துக் கொடுத்த வேலையை மருமகன் றுமைஸ் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தே செய்கிறார். கட்டடப் படம் வரைந்து, விபிஎன் என்ற பூட்டுப் போட்ட வழியால் உங்கள் கந்தோருக்கு அனுப்ப வேண்டும். மூன்று நாளாகச் சின்ன பைல் எல்லாம் ஓடுகிறது, பெரிய படம் மட்டும் நூற்றுக்குப் பன்னிரண்டு வீதத்தில் குந்திக்கொள்கிறது. நாளை ஞாயிறு காலை எட்டு மணிக்குள் படம் வராவிட்டால், றுமைஸ் தோஹாவுக்கே வந்து வேலை செய்யட்டும் என்று மனேஜர் சொல்லிவிட்டாராம். அஸ்மியாவுக்கு இது எட்டாம் மாதம். மகளின் முகத்தைப் பார்க்க என் நெஞ்சு தாங்கவில்லை மச்சான்.

நாங்களும் சும்மா இருக்கவில்லை. றவுட்டரை நிறுத்தி நிறுத்திப் போட்டோம். ஏறாவூருக்கு ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கு லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு போனோம், அங்கேயும் அதே பன்னிரண்டு, பகல் சாப்பாடு மட்டும் நன்றாக இருந்தது. உங்கள் ராத்தா நஸீறா, எங்கள் ஊர் மாமிமார் வழக்கப்படி மருமகனோடு நேரே கதைக்க மாட்டாள் அல்லவா, கதவுக்குப் பின்னால் நின்று என்னிடம், "போகுதா எண்டு கேளுங்க" என்பாள். அவர் "இல்ல மாமி" என்பார். அதை நான் கதவுக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். இன்று காலை கதவு சொன்னது: "பக்கத்து ஊட்டு ரிஸ்கான் இண்டைக்குத்தானே தோஹா போறான், அவன்ட்டக் குடுத்துடுங்களன்!"

கண்ணாடி, கருவாடு, மருந்து எல்லாம் இத்தனை வருடமாக அப்படித்தானே வருகிறது! மருமகன் லுஹர் தொழப் போன நேரம் அஸ்மியா படத்தைப் பென்டிரைவில் ஏற்றினாள். தொலையாமல் இருக்க நஸீறா அதைப் பொலித்தீனில் சுற்றி, தான் கிண்டிய தொதல் இனிப்புக்குள் புதைத்துவிட்டாள். தொதல் ஆறு பொதி வருகிறது, ஐந்து உங்களுக்கு, ஒன்று மனேஜருக்கு. ரிஸ்கான் விடிய உங்கள் அறைக்கு வந்து இந்தக் கடிதத்தையும் பொதிகளையும் தருவான், எட்டு மணிக்குள் பென்டிரைவைக் கந்தோரில் கொடுத்துவிடுங்கள். பிள்ளை பிறந்ததும் அதன் காதில் அதன் வாப்பாவே பாங்கு சொல்ல வேண்டும்.

உங்களுக்கும் அறையில் உள்ளவர்களுக்கும் எங்கள் ஸலாம்.

இப்படிக்கு,
அசனார்

பிற்குறிப்பு: மச்சான், கொடுக்க வேண்டாம்! தொழுதுவிட்டுப் பள்ளியால் வந்த மருமகனுக்கு உங்கள் கம்பனியின் கம்பியூட்டர்காரர் போன் எடுத்தார். அந்தப் பூட்டு வழியில் பைல் துண்டு துண்டாகத்தான் போகுமாம், ஒவ்வொரு துண்டுக்கும் மேலே உறை சுற்றுவதால், துண்டு பெருத்து நடுவில் இறுகுகிறதாம். துண்டின் அளவான 1500 என்ற இலக்கத்தை 1350 ஆக்கச் சொன்னார். நாலே நிமிடத்தில் முழுப் படமும் போய்விட்டது! அஸ்மியா சிரிக்கிறாள். நஸீறா கதவைத் தாண்டி வந்து, "போயிட்டா மகன்?" என்று நேரே கேட்டேவிட்டாள். அந்தச் சந்தோசத்தில் நான் பென்டிரைவுக் கதையைச் சொன்னேன். மருமகன் வெளுத்துப்போனார். "மாமா, கம்பனிப் படத்தப் பென்டிரைவுல வெளிய அனுப்பினது தெரிஞ்சா அண்டைக்கே வேல போயிடும்!"

ரிஸ்கானின் பை வேன் கூரையில் ஒன்பது பைக்குக் கீழே கட்டியாகிவிட்டது, இந்தக் கடிதத்தை மட்டும் ஜன்னலால் நீட்டுகிறேன். எந்தப் பொதியில் வைத்தாள் என்று நஸீறாவுக்கு நினைவில்லை. ஆகவே மனேஜருக்கு ஒரு துண்டும் கொடுக்காதீர்கள், ஆறையும் நீங்களே தின்னுங்கள். உங்களுக்குச் சீனி வியாதி என்று எனக்கும் தெரியும். மெதுவாகக் கடியுங்கள்.