தண்ணி வருகுதா?

குழாய் பூட்ட வந்த காலிதீனின் தலை சுவருக்கும் குளியல் தொட்டிக்கும் நடுவே மாட்டிக் கால் மணி நேரமாகிவிட்டது.

"தங்கச்சி, கொஞ்சம் தேங்காயெண்ணெய் தாறீங்களா?"

"நட்டுக்கா காக்கா?" என்று அண்ணன் முறைக்காரனிடம் கேட்டாள் சுல்பிகா.

"இல்ல. காதுக்கு."

அவள் எண்ணெய்ப் போத்தலை அவன் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டு மணிக்கூட்டைப் பார்த்தாள். அஸர் தொழுகை முடிந்ததும் மாப்பிள்ளையின் உம்மா முனவ்வறா வீடு பார்க்க வருகிறாள். மருதமுனையில் பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் ஏது கலியாணம்? மகள் அப்னாவுக்குக் கட்டிய வீட்டில் ஒரு குறையும் இல்லை. சண்டை முடிந்த கையோடு கட்டாரிலிருந்து வந்து இறங்கிய மாப்பிள்ளை சுபியான்தான், ஹோட்டலில் பார்த்த மாதிரி படுத்துக் குளிக்கத் தொட்டி வேண்டுமென்று ஒற்றைக் காலில் நின்றான். தொட்டி வந்தது. ஆனால் அதற்கு முன்பே அறையைக் குறுகலாகக் கட்டி முடித்துவிட்டார்கள்.

"தொட்டியில தண்ணி வராட்டி அந்த மனிசி கலியாணத்தையே தள்ளிப்போடும் காக்கா. எங்கட புள்ள ரெண்டு வருஷமாக் காத்திருக்கா."

"நான் இரிக்கன்தானே. பயப்படாதீங்க."

பயப்பட வேண்டியவனே அவன்தான். குழாயை இறுக்கும் நட்டு, நாலு விரல் இடைவெளிக்குள் போய் ஒளிந்திருந்தது. எண்ணெய் தடவித் தலையை உருவிக்கொண்டு ஸ்பேனரை உள்ளே விட்டான், அது திரும்ப இடமில்லை. கைப்பிடியை அறுத்துக் குட்டையாக்கினான். குட்டை ஸ்பேனர் வழுக்கிப்போய், குழாயின் வளைவு மூட்டான எல்போவை உடைத்தது. உடைந்த எல்போவை எடுப்பதற்கு வெளிச்சுவரில் ஒரு கை நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டான். அந்த அடியில் மூன்று டைல்கள் கழன்று தொட்டிக்குள் விழுந்தன. ஓட்டைக்கு அப்பால் ஒடுங்கிய சந்து, அதற்கும் அப்பால் முகம்மது தம்பியின் நெசவுக்கொட்டில். தறிகள் தடக் தடக்கென்று ஓடிக்கொண்டிருந்தன.

ஒருவழியாக வளைகிற குழாயொன்றைப் பூட்டினான். கசிகிறதா என்று பார்க்க மறுபடியும் தலையை உள்ளே நுழைத்தான். தலை பழைய இடத்திலேயே மாட்டியது. இந்த முறை வாய் சுவரோட்டைக்கு நேரே வந்துவிட்டது.

"தங்கச்சி, பின்னால போய் டேங்க் வால்வத் திறங்க!"

குழாய் முதலில் ஒரு பெருமூச்சு விட்டது. பிறகு இரைந்தது.

காலிதீனுக்கு மயிர் சிலிர்த்தது. சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கேட்ட அதே இரைச்சல். குழாய் வாயிலிருந்து கறுப்பு மணல் கொட்டியது, கூடவே ஒரு சிப்பித் துண்டும் விழுந்தது. கடல் கொண்டுபோன பழைய வீட்டின் நிலக்குழாயைத்தான் புது வீட்டுக்கும் இழுத்திருந்தார்கள். அன்றைக்கு அவன் மனைவி ஸம்ஸியா கிணற்றடியில் உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தாள். ஓடு என்று அவளுக்குச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை.

மணலைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் பாய்ந்தது. பயமும் சந்தோஷமும் ஒன்றாகச் சேர, அவன் அலறினான்.

"வருகுது! தண்ணி வருகுது! பெரிசா வருகுது! எல்லாரையும் கூப்பிடுங்க!"

பதில் இல்லை.

"சரி, இனி வால்வ மூடுங்க!"

தண்ணீர் நிற்கவில்லை. எங்கோ தடதடவென்று ஏதோ ஓடியது, பிறகு அதுவும் அடங்கியது. அப்போதுதான் கவனித்தான், தறிச் சத்தம் நின்றுபோயிருந்தது. பட்டப்பகலில் தறி ஓடாத மருதமுனையை அவன் கேட்டதே இல்லை.

எண்ணெயைக் காதில் ஊற்றி, பாதித் தோலைச் சுவருக்கே கொடுத்துவிட்டுத் தலையை உருவினான். அடுப்பில் தேத்தண்ணி பொங்கி வழிந்துகொண்டிருந்தது. முற்றத்தில் அப்னாவின் ஒற்றைச் செருப்பு கிடந்தது. வாசற்படியில், மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த வட்டிலப்பத் தட்டு மூடி திறந்தபடி இருந்தது, அதைக் கொண்டுவந்தவர்களைக் காணவில்லை. ஒரு விரலால் தொட்டு நக்கிப் பார்த்தான். நல்ல இனிப்பு. இதையும் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றால் காரியம் பெரிது என்று அவனுக்கு விளங்கிவிட்டது.

தூரத்தில் ஒரு குரல் கேட்டது. "கடல் ஏறுதாம்! ஓடுங்க!"

நற்பிட்டிமுனை வயல் வரும்வரை காலிதீன் திரும்பிப் பார்க்கவில்லை.

ஊரே வரம்பில் நின்றது. எதிர் வரம்பில், சேற்றில் ஊறிய பட்டுச் சேலையோடு முனவ்வறா, சுல்பிகாவைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தாள்.

"தொட்டியும் வேணாம், தண்ணியும் வேணாம் மச்சி. உயிரோட இரிக்கமே, அது போதும். வாற வெள்ளிக்கிழமையே நிக்காஹ்வ முடிப்பம்."

இந்தப் பக்கம் ஆண்கள் கூடியிருந்து யாஸீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். காலிதீனும் மூச்சு வாங்கியபடி உட்கார்ந்து கையேந்தினான். ஊரைத் தப்பவைத்துவிட்டுத் தான் தப்பாமல் போன ஒரு மனிதனுக்காக துஆ கேட்டார்கள். காலிதீனுக்குக் கண்ணீர் கொட்டியது. அன்றைக்கும் இப்படி ஒருவன் கத்தியிருந்தால் ஸம்ஸியா இன்றைக்கும் அவனை ஏசிக்கொண்டிருந்திருப்பாள். அந்த மனிதனுக்குச் சுவர்க்கம் கிடைக்க வேண்டுமென்று மனம் உருகிக் கேட்டான். எல்லோரையும்விட உரக்க "ஆமீன்" சொன்னதும் அவன்தான்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, பக்கத்திலிருந்த முகம்மது தம்பியிடம் மெல்லக் கேட்டான்.

"ஆரு காக்கா மௌத்தான?"

"ஆரெண்டு தெரியா தம்பி. சுல்பிகாட ஊட்டுச் சுவருக்குள்ள இருந்து, 'தண்ணி வருகுது, பெரிசா வருகுது, எல்லாரையும் கூப்பிடுங்க' எண்டு கடைசி வரைக்கும் கத்தினானே, அந்த நல்ல மனிசன்தான்!"